நோலா, கொஞ்சம் வேகமாக!

அத்தியாயம் 7

"பதினெட்டு!" என்று லெஸ் பட்டர்வொர்த் தன் ஸ்டாப்வாட்சை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என் வயசா? ரொம்ப நன்றி," என்றேன்.

"விளையாடாத, மேட். நிமிஷத்துக்குப் பதினெட்டுத் தாளச் சுற்று. வால்ட்ஸ்னா முப்பது இருக்கணும். போன ஞாயித்துக்கிழமை கடைசி வால்ட்ஸ்ல நம்ம க்ளெம் ஒரு காலைத் தூக்கினான். அதைக் கீழ வைக்கறதுக்கான தாளம் வரவே இல்ல. ஒத்தக் கால்ல நின்னு பாத்தான், நின்னு பாத்தான், அப்படியே சாஞ்சுட்டான். போன வருஷம்தான் இடுப்பு மூட்டைப் புதுசா மாத்தியிருக்கான்."

டல்காரா ஊர் மண்டபத்தில் அப்போது மணி ஒன்று. ஆஸ்திரேலியாவின் நவம்பர் வெயிலில் கூரைத் தகரம் பட் பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. அரை மணியில் ஞாயிறு நடனம் ஆரம்பம். முதலில் வந்த ஜோடிகள் கொண்டுவந்த தின்பண்டத் தட்டுகளைச் சமையலறையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து நடனக் காலணிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அறுவடைக்குப் போக முடியாத வயசுக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள்.

லெஸ்ஸுக்கு எழுபத்தெட்டு வயது. கோதுமை விவசாயி. இந்த நடனச் சங்கத்தில் மைக் பிடித்து ஒவ்வொரு ஆட்டத்தையும் அறிவிப்பவர் அவர்தான். வால்ட்ஸுக்கு இத்தனை, ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. அதில் ஒரு சுற்று குறைந்தாலும் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். அவர் மனைவி நோலா நாற்பது வருடம் மேடையில் கீபோர்டு வாசித்தவர். இரண்டரை வருடத்துக்கு முன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, எண்பத்தாறு பாட்டுகளை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் பதிந்து வைத்தார். அன்றிலிருந்து சங்கம் ஆடுவது அந்தப் பதிவுகளுக்குத்தான்.

ஏப்ரலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது நோலாவின் இதயம் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் நோலா வாசித்துக்கொண்டுதான் இருந்தார். சங்கத்துக்கு அது பாட்டு, லெஸ்ஸுக்கு அது மனைவி.

அந்த மனைவியை யாரோ ஐந்து வாரமாக மெதுவாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் புகார்.

"யாரோ என்ன யாரோ, வால்மாதான்," என்றார் லெஸ். "லேப்டாப்பைத் தொடறது அவ ஒருத்திதான். மூணு மணிக்கு டீ இடைவேளையில கமிட்டி கூடுது. அவளைச் செயலாளர் பதவியிலேருந்து தூக்கணும்னு நான் எழுதிக் கொடுத்தாச்சு. எனக்குத் தேவை ஆதாரம்."

"ஆதாரம் வேணுமா, உண்மை வேணுமா?" என்றார் என் பாஸ்.

பாஸ் என்றால் இமெல்டா குவர்க். இருபத்திரண்டு வருடம் போலீசில் ஆட்டுத் திருடர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறிகிறார். நான் டாரில், அவருடைய உதவியாளன். அதற்கு முன்பு ஒரு மதுக்கடைக் குழுவில் டிரம்மர். நாலு நிமிடப் பாட்டை மூன்றே காலில் முடித்துக் கொடுப்பேன் என்பதால் அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் லெஸ்.

"சில நாள் ஒண்ணா இருக்கும், லெஸ்," என்றார் பாஸ்.

மேடை ஓரத்தில் லேப்டாப்புக்குப் பின்னால் வால்மா பைக் உட்கார்ந்திருந்தார். எழுபத்துநாலு வயது, ஒற்றை நாடி உடம்பு. கணவர் இல்லை, பிள்ளைகள் பெர்த்தில். வாரத்தில் ஆறு நாள் இந்த ஞாயிறுக்காகக் காத்திருப்பவர் என்று சமையலறையில் சொன்னார்கள்.

"வாங்க கண்ணுகளா. லாமிங்டன் கேக் எடுத்துக்கங்க," என்று தட்டை நீட்டினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பாஸ் நேராகக் கேட்டார். "வால்மா, பாட்டோட வேகத்தை நீங்க குறைச்சீங்களா?"

"பழைய லேப்டாப் கீழ விழுந்து உடைஞ்சுது. நான்தான் தடுக்கி விட்டேன். புதுசு வாங்கினோம். பாட்டையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்து இதுல போட்டதும் நான்தான். எல்லாம் என் கையாலதான் ஆச்சு. எழுதிக்கங்க."

"அது எப்போ?"

"அஞ்சு வாரம் ஆகுது."

"ஏன் வேகம் குறைஞ்சுதுன்னு தெரியுமா?"

வால்மா தட்டை என் பக்கம் திருப்பினார். "தம்பி, நீ இன்னொண்ணு எடுத்துக்க."

"வேண்டாங்க."

"அப்ப மூணு மணிக்கு என்னைத் தூக்கட்டும். நான் எதிர்த்துப் பேச மாட்டேன்."

தள்ளி வந்ததும் பாஸின் காதில் கிசுகிசுத்தேன். "என்கிட்ட மூணு தியரி இருக்கு, பாஸ். ஒண்ணு, பக்கத்து ஊர் நடனச் சங்கத்துக்கு வால்மா உளவாளி. ரெண்டு, லெஸ் மேல நாப்பது வருஷக் காதல், அதனால நோலா மேல பொறாமை. மூணு..."

"மூணாவது?"

"இன்னும் யோசிக்கல. ரெண்டு லாமிங்டன் தின்னா மூளை மந்தமாயிடுது."

"குத்தவாளி தப்பிக்கப் பார்ப்பான், டாரில். இந்தம்மா மாட்டிக்கப் பார்க்கறாங்க. எதையோ மூடி வைக்கறாங்க. நீ லேப்டாப்பைத் திற."

வால்மா டீக்கு வெந்நீர் போடப் போன சமயத்தில் திறந்தேன். எண்பத்தாறு மிடி ஃபைல்கள்.

"மிடி ஃபைல்ல சத்தமே கிடையாது, பாஸ்," என்று விளக்கினேன். "எந்தக் கட்டையை, எப்ப, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் தொட்டாங்கன்னு குறிப்பு மட்டும் இருக்கும். அதைப் படிச்சு லேப்டாப்தான் வாசிக்கும். பழைய டேப்பை வேகமா ஓட்டினா குரல் கீச்சுனு கிளி கத்தற மாதிரி ஆயிடுமே, அந்தத் தொல்லை இதுல கிடையாது. வேகத்தை எவ்வளவு ஏத்தினாலும் இறக்கினாலும் சுருதி அசையாது. ஒரே ஒரு எண்ணை மாத்தினா போதும். கொலைன்னா இதுதான் சுத்தமான கொலை. ஒரு சொட்டு ரத்தம் வராது."

"அந்த எண்ணை மாத்தினது எப்பன்னு தெரியுமா?"

"ஃபைலுக்குள்ள மாத்திச் சேமிச்சிருந்தா தேதி காட்டிக்கொடுத்துடும்." பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "பாஸ், ஒரு ஃபைலைக்கூட யாரும் தொடல. கடைசித் தேதியே போன மார்ச்தான். அப்ப நோலா உயிரோட இருந்தாங்க."

பாஸின் புருவம் ஏறியது. "ஆடு காணோம்னு போன் வந்தா, நான் முதல்ல வேலியைப் பார்ப்பேன். வேலி அறுபடல, பூட்டு உடையலன்னா ஆடு திருடு போகல. சொந்தக்காரன் ஆரம்பத்துல எண்ணினதுல ஏதோ கோளாறு."

"லெஸ்ஸா? அவர் தூக்கத்துலகூடத் தப்பா எண்ண மாட்டாரு."

"அவர் நமக்குக் கொடுத்த நோட்டை எடு."

லெஸ் ஐந்து வாரமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் அளந்து, சரியான வேகத்துக்கு எத்தனை சுற்றுக் குறைகிறது என்று அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். பாட்டின் பெயர் வரிசைப்படி. ஒன்றுக்குச் சரி, அடுத்ததுக்கு ஏழு குறைவு, அதற்கடுத்தது ஒன்று குறைவு. பைத்தியக்காரன் கணக்குப் போலத்தான் இருந்தது.

"இதையே பதிவு பண்ணின தேதி வரிசையில படி," என்றார் பாஸ்.

படித்தேன். முதல் இருபது பாட்டுக்குக் குறைவே இல்லை. அப்புறம் ஒன்று, ஒன்று, இரண்டு. அப்புறம் மூன்று, நாலு, ஆறு. அப்புறம் எட்டு. கடைசியாகப் பதிந்தது அந்தக் கடைசி வால்ட்ஸ். பன்னிரண்டு குறைவு.

படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது.

"நாம தலைகீழாத் தேடிட்டிருக்கோம்," என்றார் பாஸ் மெதுவாக. "யாரும் வேகத்தைக் குறைக்கல, டாரில். இதுதான் அவங்க வாசிச்ச வேகம். இத்தனை நாள் லெஸ் கேட்டதுதான் ஏத்தி வச்ச வேகம். உடைஞ்ச லேப்டாப் எங்கே?"

டீ கெண்டி வைக்கும் அலமாரியில், மேசைத் துணிகளுக்கு அடியில் இருந்தது. திரைதான் சிதறியிருந்தது. கமிட்டி அறையிலிருந்த டிவியில் கம்பியைச் செருகினேன், உயிர் வந்தது. பாட்டுப் போடும் மென்பொருளைத் திறந்ததும் எண்பத்தாறு பெயர்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். நூறு, நூறு, நூற்று நாலு, நூற்றுப் பன்னிரண்டு, நூற்று நாற்பது. கடைசி வால்ட்ஸுக்கு நேராக நூற்று அறுபத்தேழு.

"நூறுன்னா வாசிச்சபடியே," என்றேன். "நூத்தி அறுபத்தேழுன்னா பதினெட்டை முப்பதாக்குது. இந்த எண்ணெல்லாம் பாட்டுக்குள்ள இல்ல பாஸ், இந்த மென்பொருளோட பட்டியல்ல இருக்கு. வால்மா பாட்டை மட்டும் எடுத்திருக்காங்க. பட்டியல் இங்கேயே தங்கிடுச்சு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வால்மா உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றார். வெளியே நடனம் ஆரம்பித்திருந்தது. மைக்கில் லெஸ்ஸின் குரல் ஜோடிகளை அழைத்துக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா," என்றார் வால்மா. "அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன் கண்ணு."

"கை வலியா?" என்று கேட்டார் பாஸ்.

"மூட்டு வாதம். விரல் ஒண்ணொண்ணும் முறுக்கிக்கிச்சு. 'என் பத்து கேரட்டு'ம்பா. வலிக்குதுன்னு லெஸ்ஸுக்குத் தெரியும், வாசிக்க முடியலன்னு தெரியாது. செவ்வாய்க்கிழமை அவன் ஆட்டுச் சந்தைக்குப் போவான். மண்டபத்தைப் பெருக்கறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுவோம். வெந்நீர்ல கையை முக்கி வச்சுப்பா. அப்புறம் வாசிப்பா. மெதுவா வாசிச்சா வலி தாங்கும். முடிச்சுட்டு அந்த எண்ணை ஏத்துவா. பாட்டு துள்ளிக்கிட்டு வரும். 'பார்த்தியா வால்மா, எனக்கு முப்பது வயசு'ன்னு சிரிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வால்ட்ஸுக்கு நாலு செவ்வாய் ஆச்சு. முடிச்சன்னிக்குக் கப்பைத் தூக்க முடியல. நான்தான் டீயை ஊட்டினேன்."

"பாட்டு மெதுவா வந்தப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே?"

"முதல் சுற்றுலயே புரிஞ்சுது. எப்படிச் சரி பண்றதுன்னுதான் தெரியல. எதை எதையோ அமுக்கிப் பார்த்தேன். யாரையாவது கேட்டா ஏன்னு கேப்பாங்களே. அதான் பழி என் மேலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு கிழவியின் ஒரே சந்தோஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை. செத்துப்போன சிநேகிதிக்குக் கொடுத்த வாக்குக்காக அதையும் விட்டுக்கொடுக்க நிற்கிறார். உளவாளி, பொறாமை என்றெல்லாம் உளறிய என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அவனுக்குச் சொல்லாதீங்க," என்றார் வால்மா.

"கூலி கொடுத்தவர் அவர். சொல்லாம இருக்க எனக்கு உரிமை இல்ல," என்றார் பாஸ். "சொல்லாட்டி மூணு மணிக்கு உங்களை வெளியே தள்ளிட்டு, காலமெல்லாம் அதை நியாயம்னு நினைச்சுட்டிருப்பார்."

இடைவேளைக்குக் கால் மணி முன்னால் லெஸ்ஸை உள்ளே அழைத்தார். அலங்காரமில்லாமல் நாலு வாக்கியத்தில் சொன்னார். லெஸ் நம்பவில்லை.

"அபத்தம்! அவ வாசிப்பு எனக்குத் தெரியாதா?"

பாஸ் எனக்குக் கண் காட்டினார். கடைசி வால்ட்ஸை எந்த எண்ணும் ஏற்றாமல் போட்டேன்.

வேகமாகப் போட்டால் இடுக்கெல்லாம் சுருங்கிவிடும், எதுவும் தெரியாது. மெதுவாக ஓடும்போது எல்லாம் கேட்டது. இடக்கை ஒவ்வொரு தடவை அகலமாக விரிய வேண்டிய இடத்திலும் ஒரு சின்னத் தயக்கம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தொடுகிற தயக்கம். ஆனால் ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

லெஸ் நாற்காலியைத் தேடினார். நான் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாப்பது வருஷம்," என்றார் விரல்களுக்குள்ளிருந்து. "ஆடிக்கிட்டே மேடையைப் பார்த்துக் கத்துவேன். 'நோலா, கொஞ்சம் வேகமா!' ஊரே சிரிக்கும். அவளும் சிரிப்பா. அவ கை வீங்கினப்பவும் கத்தினேன். அதுக்குப் பயந்துதான்..."

'அப்படியில்லை' என்று யாரும் மறுக்கவில்லை. பொய் சொல்லித் தேற்றுவது பாஸுக்கு வராது. எனக்கு வரும், ஆனால் அன்றைக்கு நான் பாட்டை மட்டும் நிறுத்தினேன்.

லெஸ் தலையைத் தூக்கினார். "வாசிக்கறதை ஏன் நிறுத்தறேன்னு அவளைக் கேட்டேன், வால்மா. 'நாப்பது வருஷமா நீ அடுத்தவளோட ஆடறதை மேடையிலேருந்து பார்த்தாச்சு, இனிமே உன்கூட ஆடணும்'னா. எனக்குத் தலைகால் புரியல. ரெண்டு வருஷம் ஆடினோம். அதுவும் சாக்குதானா?"

"போடா மடையா," என்றார் வால்மா. அழுதுகொண்டே சொன்னார். "கை போச்சுன்னு அன்னிக்கு இந்த ரூம்லதான் அழுதா. அழுது முடிச்சுட்டு, 'கால் இருக்கில்ல, லெஸ்ஸோட ஆடலாம்'னா. அவ சொன்னதுலயே நிஜம் அது ஒண்ணுதான்."

மணி மூன்று அடித்தது. சமையலறைப் பக்கம் கோப்பைகள் சத்தமிட்டன. பாஸ் கேட்டார்: "கமிட்டியில என்ன சொல்லப் போறீங்க, லெஸ்?"

லெஸ் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திவிட்டு நேராக மேடைக்கு நடந்தார். மைக்கைப் பிடித்தார். சாண்ட்விச்சை வாயில் வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"அஞ்சு வாரமா பாட்டு மெதுவா இருக்குன்னு கத்திட்டிருந்தேன். வால்மா மேல பழி போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. எண்ணினதுல தப்பு. தப்பா எண்ணினது நான். என் தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுங்க. வால்மாகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அந்த ஊரில் லெஸ் பட்டர்வொர்த் தப்பாக எண்ணினார் என்று எவனாவது சொல்லியிருந்தால் அடித்தே இருப்பார்கள். அவரே சொன்னார்.

"வயசாயிடுச்சுடா உனக்கு!" என்று பின்னாலிருந்து க்ளெம் கத்தினார். மண்டபமே சிரித்தது. "என் இடுப்புக்கு யாரு பதில் சொல்றது?"

"ஆமா, வயசாயிடுச்சு," என்றார் லெஸ். மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டார்.

பழைய லேப்டாப்பிலிருந்து பட்டியலை எடுத்துப் புதியதில் போட்டேன். ஐந்து நிமிட வேலை. எண்பத்தாறு பாட்டும் பழைய வேகத்துக்கு வந்தன. கடைசி வால்ட்ஸ் முப்பது சுற்றில் துள்ளிக்கொண்டு ஆரம்பித்தபோது லெஸ் மேடையோரம் போய்க் கையை நீட்டினார்.

"எழுந்திரு, வால்மா."

"லேப்டாப்பை யாரு பார்த்துக்கறது?"

"நோலா பார்த்துக்குவா. வா."

ஆடினார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் காலித் தட்டுகளோடு கிளம்பினார்கள். நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது லெஸ் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு பென் டிரைவ்.

"மேட், அந்தக் கடைசி வால்ட்ஸை இதுல போட்டுக் கொடு. வேகத்தை ஏத்தாம. அவ வாசிச்சபடி."

"அதுல யாராலயும் ஆட முடியாதே, லெஸ்?"

"ஆடறதுக்கு இல்ல." பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார். "ஏத்தி வச்ச வேகத்துல போட்டா அந்தப் பாட்டு மூணு நிமிஷம். அவ வேகத்துல அஞ்சு. அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு வேணும்."